உரியும் நைலான்

கத்தி போன இடத்தில் ஏடு ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. கொளஞ்சி அதை நகத்தால் பிடித்து இழுத்தாள். வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. அடியில் இன்னொன்று.

அச்சிலிருந்து விழும் நைலான் புஷ்களின் காம்பைச் சீவி எறிவது அவள் வேலை. காம்போடு நிறுத்தினால் சீவிய இடம் வழவழவென்றுதான் இருக்கும்; இன்று கத்தி வழுக்கிப் புஷ்ஷின் உடம்புக்குள் போய்விட்டது.

"யக்கா, கொஞ்சம் இங்க வாயேன். இது என்னா தோலு தோலா வருது."

செந்தமிழ்ச்செல்வி மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அந்தச் சின்ன ஷெட் அவளுடையது. வார்ப்பு மெஷின் ஒன்று, அரவை மெஷின் ஒன்று, கொளஞ்சி, அவ்வளவுதான் கம்பெனி. புஷ்ஷை வாங்கித் தானும் ஒரு முறை உரித்துப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து வேறொன்றை எடுத்து வெட்டினாள். அதுவும் உரிந்தது. மூன்றாவதை வெட்டக் கை வரவில்லை.

"இந்த லாட்டுல போன மூட்டை எங்க?"

"அது போயி நாளாச்சேக்கா. வைத்திக்குப்பத்துக்கு. தேவதாசு அண்ணன் வந்து வண்டியில வெச்சிக்கினு போனாரே."

வெளியே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. காலையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாக டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். செல்வி அந்தச் சேதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல்தான் வேலைக்கு உட்கார்ந்திருந்தாள். இப்போது அது திரும்ப வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

சுனாமிக்கு மறு வருஷம் அது. கரையெல்லாம் புதுப் புது ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. யார் யாரோ கொடுத்தார்கள். படகோடு எஞ்சினும் கொடுத்தார்கள். எஞ்சினிலிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்று பின்னால் தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில் புரொப்பெல்லர். ஷாஃப்ட் அதன் குழாய்க்குள் நுழையும் வாயில், இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க ஒரு நைலான் வளையம் மாட்டுவார்கள். அதுதான் புஷ். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அது கெட்டால் ஷாஃப்ட் ஆடும், சூடேறும், கடைசியில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். கரைக்குப் பக்கத்தில், அலை உடைகிற இடத்தில் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பும். திரும்பிய படகை அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

செல்வியின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை ஓடியும் ஓடாமலும் இருந்த வருஷங்களில் மகளைச் சென்னைக்கு அனுப்பி பிளாஸ்டிக் டிப்ளமா படிக்க வைத்தார். அதற்கு முன் ஊர்ப் பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பில், பாதிப் பாடம் தமிழிலும் பாதி பிரெஞ்சிலுமாகப் படித்த எங்களில் பலர் சொல்லிக்கொள்ளாமல் கப்பலோ விமானமோ ஏறிவிட்டோம். அவள் ஊரிலேயே தங்கி, கிழிந்த வலைகளை அரைத்துப் பிழைக்கலாம் என்று கண்டுபிடித்தாள். சுனாமி கிழித்துப் போட்ட வலை கரையில் மலை மலையாகக் கிடந்தது. அத்தனையும் ஆறாம் நம்பர் நைலான்.

வலை மட்டும் போட்டு வார்த்த புஷ் சூட்டில் இளகியது. அதனால், கார் பாகம் வார்க்கும் ஒரு கம்பெனியின் கழிவிலிருந்து அறுபத்தாறாம் நம்பர் நைலானை வாங்கிக் கலந்தாள். முதல் தடவை சூட்டை ஆறுக்கு ஏற்ற மாதிரி வைத்தாள்; அறுபத்தாறு உருகவே இல்லை. சோற்றில் வேகாத அரிசி மாதிரி குருணை குருணையாக நின்றது. சூட்டை ஏற்றி, மெஷினுக்குள் சுற்றும் திருகை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளேயே ஊறவிட்டபோது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. ஆறுக்கும் அறுபத்தாறுக்கும் நடுவே உள்ள சூட்டில் உருகும் புதுச் சரக்கு. அச்சில் ஆற அதிக நேரம் எடுத்தது. இரண்டும் தனித்தனியாக வரிசை கட்டி உறையப் பார்க்கும். ஒன்றை மற்றது தடுக்கும். அதனால் உறைவது தாமதமாகும். ஆனால் வந்த புஷ் சுத்தியலுக்கு அசையவில்லை.

அந்த வெற்றிதான் வினை.

கலப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது வைத்திக்குப்பத்தில் மீனவர் படகுகளைப் பார்க்கும் மெக்கானிக் தேவதாஸ் ஒரு குறை சொன்னார். "உன் புஷ்ஷு தண்ணி குடிக்குதும்மா. ஒரு வாரம் கடல்ல கெடந்தா உப்பிக்கினு ஷாஃப்டப் புடிச்சிக்குது. நான் எமரித் தாளு போட்டுத் தேய்ச்சே சாவறன்." குறை நியாயமானது. நைலான் தண்ணீரை இழுக்கும். இழுப்பதால்தான் அதற்கு உறுதியும் வருகிறது. அச்சிலிருந்து வந்த புது நைலான் காய்ந்த அப்பளம். அதற்காகவே செல்வி ஒவ்வொரு லாட்டையும் பெரிய குண்டானில் போட்டு வேக வைப்பாள். வெந்த பிறகு ஒன்றை எடுத்து வாசல் கருங்கல்லில் வைத்து சுத்தியலால் அடிப்பார்கள். உடையாவிட்டால் லாட்டு பாஸ். ஒன்றை வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டுவாள், அடையாளத்துக்கு. அதுதான் அந்த ஷெட்டின் முறை.

அந்தச் சமயத்தில் பழைய சாமான் வியாபாரி நாராயணசாமி ஒரு கட்டுக் கறுப்புக் குழாய் கொண்டுவந்தார். லாரி பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய். பன்னிரண்டாம் நம்பர் நைலான் என்று குழாய் மேலேயே அச்சடித்திருந்தது. பன்னிரண்டு தண்ணீர் குடிக்காது என்பது செல்விக்குப் படித்த ஞாபகம். நெருப்பில் காட்டினாள். வலை எரிந்தால் வரும் அதே முடி கருகும் நாற்றம். இழுத்தால் அதே நூல்.

"ஒரே குடும்பந்தாம்மா," என்றார் நாராயணசாமி. "பங்காளிங்க. கலந்தா ஒத்துக்கும்."

ஆறும் அறுபத்தாறும் ஒத்துக்கொண்டனவே. இதுவும் ஒத்துக்கொள்ளும் என்று கால் பங்கு சேர்த்தாள். வேக வைத்தாள். சுத்தியலால் அடித்தாள். உடையவில்லை. உப்பவும் இல்லை. மூட்டை வைத்திக்குப்பம் போனது.

இப்போது கையிலிருந்த ஏட்டைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நைலான் சங்கிலிக்கு நெடுகக் கைகள் உண்டு. பக்கத்துச் சங்கிலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது நிற்கிறது. ஆறுக்கும் அறுபத்தாறுக்கும் கைகள் அடுத்தடுத்து, ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் இருக்கும். பன்னிரண்டுக்கு ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையில் இரட்டிப்பு தூரம். பிடிக்க நீட்டினால் எதிரே கை இல்லை. அதனால் அது தன் இனத்தோடு மட்டும் சேர்ந்து, ரசத்தில் மிதக்கும் எண்ணெய் போலத் துளித்துளியாக ஒதுங்கிவிடும். அச்சுக்குள் வேகமாகத் தள்ளும்போது அந்தத் துளிகள் நசுங்கி ஏடு ஏடாகப் படியும். சுத்தியல் மேலிருந்து அடிக்கிறது. ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தாங்கிக்கொள்ளும். ஷாஃப்ட் பக்கவாட்டில் தேய்க்கிறது. தேய்த்தால் உரியும். கருங்கல்லில் வைத்து அடித்தார்களே தவிர, ஒரு நாளும் புஷ்ஷின் உடம்பைக் கத்தியால் கீறிப் பார்க்கவில்லை.

ஆணியில் மாட்டியிருந்த பழைய லாட்டு புஷ்ஷை எடுத்தாள். அதற்கு முந்தைய லாட்டெல்லாம் வேறு அளவு. இந்த அளவில், குழாய் கலக்காதது ஷெட்டிலேயே இது ஒன்றுதான். உரிந்த ஏட்டையும், குழாய்த் துண்டு ஒன்றையும் வலைச் சரக்கின் துண்டு ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டாள், கேட்டால் காட்டுவதற்கு.

"நான் வரட்டுமாக்கா?"

"மெஷினத் தொடாத. எவன் வந்து கேட்டாலும் ஒண்ணுகூடக் குடுக்காத."

ஸ்கூட்டரில் முத்தியால்பேட்டை வழியாகப் போகும்போது மழை வலுத்தது. படகெல்லாம் கரையில் இருக்கும், கூண்டு ஏற்றிய பிறகு எவன் போவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனாள். கடற்கரை தெரிந்ததும் படகுகளை எண்ணத் தொடங்கி, எண்ணி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

வைத்திக்குப்பத்தில் தேவதாஸ் தன் ஷெட்டுக்குள் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, போன மூட்டை புஷ்ஷு. மாட்டிட்டீங்களா?"

"மாட்டாம ஊறுகாயா போடுவாங்க. பாதி மாட்டிட்டன். ஏன்?"

செல்வி பையிலிருந்த ஏட்டைக் காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து வாசலுக்கு வந்து கடலைப் பார்த்தார்.

"ராஜவேலு கடலுக்குப் போயிருக்கான்," என்றார். "கூண்டு ஏத்தறதுக்கு முன்னாடியே, விடியகால. நேத்து சாயந்தரந்தான் அவனுக்கு மாட்டி வுட்டேன்."

"போன் இருக்கா அவர்கிட்ட?"

"இருக்கும். பாலித்தீன் பையில சுத்தி இடுப்புல சொருவிக்குவான். அங்க சிக்னல் எங்க கெடக்குது."

இருந்தாலும் போட்டுப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது.

போய்த்தான் சொல்ல வேண்டும். எஞ்சினைப் பாதி வேகத்துக்கு மேல் முறுக்கக் கூடாது; முடிந்தால் நிறுத்திவிட்டுக் கயிற்றில் இழுத்து வர வேண்டும். ஆனால் போகிற படகின் புஷ் எந்த லாட்டு? கரையில் தயாராக நின்றது நெடுமாறனின் படகுதான். அவன் மழைக்குப் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"அறுத்துப் பாக்கணுமா? மாட்டி வுட்டதும் நீங்க, அறுக்கறதும் நீங்க. நடுவுல நான் எதுக்கு, படகுக்குப் பொட்டு வெக்கவா?"

"நெடுமாறா, ராஜவேலுக்கு மாட்டனதும் இதே மூட்டடா," என்றார் தேவதாஸ்.

பீடியைக் கீழே போட்டான். "கழட்டு," என்றான்.

கழற்றி வெட்டினார்கள். உரிந்தது. தேவதாஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "இதுல போயிருந்தா இன்னோரு படகு தேடணும்," என்றார்.

செல்வி ஆணியிலிருந்து எடுத்துவந்த புஷ்ஷை நீட்டினாள். அதன் ஓரத்தை முதலில் கத்தியால் கீறிக் காட்டினாள். வழவழவென்று ஒரே சுருளாகச் சீவிக்கொண்டு வந்தது. தேவதாஸ் ஷாஃப்ட்டில் நுழைத்தார். போகவில்லை. மாதக்கணக்கில் வாசல் நிலையில் தொங்கி மழைக்காற்றைக் குடித்து உப்பியிருந்தது. எந்தக் குறையைத் தீர்க்கக் குழாயைக் கலந்தாளோ அதே குறை இப்போது கையில்.

"எமரிய எடு," என்றார் தேவதாஸ். அவர் தேய்க்க, செல்வி படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கொஞ்சம் தேய்ப்பார், நுழைத்துப் பார்ப்பார், வெளியே எடுப்பார். அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டால் வேறு கிடையாது. நெடுமாறன் கூட வர அம்மாவாசை என்பவரைக் கூப்பிட்டு, இழுவைக் கயிற்றைப் படகில் ஏற்றினான். ஒருவழியாகப் புஷ் உட்கார்ந்தது. ஆட்கள் சேர்ந்து தள்ள, படகு இரண்டு அலையைக் குத்தி ஏறி மறைந்தது.

அப்போதுதான் செல்விக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, மீனு வாங்க வந்த மூஞ்சா இது? வந்ததுலேர்ந்து கரையில மெக்கானிக்கோட என்னா குசுகுசுன்னு?"

ராஜவேலின் மனைவி பார்வதி. விற்காத மீனைக் கெடுவதற்கு முன்னால் உப்பில் போட, கூரைக்கடியில் தொட்டி வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். செல்விக்குத் தோன்றியது: மழுப்பலாம், நெடுமாறன் போயிருக்கிறான், கூட்டி வந்துவிடுவான், பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவள் கால்கள் அப்படித்தான் ஸ்கூட்டர் பக்கம் திரும்பின. ஆனால் அந்தப் பெண் கண் எடுக்காமல் நின்றாள்.

சொன்னாள். முழுவதும் சொன்னாள். குழாய், வலை, கலந்தது, வெட்டிப் பார்க்காதது.

பார்வதி கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இத மொதல்ல ஆருகிட்ட சொன்ன?"

"தேவதாஸ் அண்ணன்கிட்ட."

"ம். எஞ்சினுக்கு மொதல்ல, பொண்டாட்டிக்கு அப்பறம்." பிறகு கையை நீட்டினாள். "அந்த ரெண்டையும் காட்டு. எது எது?"

செல்வி பையிலிருந்து துண்டுகளை எடுத்தாள். நெடுக்கக் கீறிய குழாய்த் துண்டு, வலைச் சரக்குத் துண்டு. இரண்டும் கறுப்பு.

"எரிச்சா ரெண்டுக்கும் ஒரே நாத்தந்தான். தண்ணித் தொட்டியில போட்டேன், ரெண்டும் முழுவிச்சு. வித்தியாசமே தெரியல."

"தெரியாததத்தான் எங்கூட்டு ஆளு படகுல மாட்டுனியா," என்று பார்வதி இரண்டையும் அவள் கையிலிருந்து பிடுங்கி வீசினாள். கடல் பக்கம் வீசியதுதான். அவ்வளவு தூரம் போகாமல் உப்புத் தொட்டியில் விழுந்தன.

யாரும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்தபடி கூரைக்கடியில் உட்கார்ந்தார்கள். கரையில் கூட்டம் சேர்ந்தது. யாரோ கடலோரக் காவல்படைக்குச் சொல்லிவிட்டோம் என்றார்கள். யாரோ செல்வியைச் சுட்டிக் காட்டிப் பேசினார்கள். அது அவள் காதில் விழுந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். கடலைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பியபோதுதான் தொட்டி கண்ணில் பட்டது. குழாய்த் துண்டு உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்தது. வலைத் துண்டு அடியில், மீன்களுக்கு நடுவே கிடந்தது.

"இந்தத் தண்ணியில உப்பு எவ்ளோ போடுவீங்க?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது என்று அவளுக்கே கூசியது.

பார்வதி திரும்பாமலே சொன்னாள். "முட்ட மெதக்கற அளவுக்கு. அத்தத் தாண்டுனா மீனு கரிச்சிப் போவும்."

பிறகு சட்டென்று எழுந்தாள். "வருது."

இரண்டு புள்ளிகள். ஒன்றின் பின்னால் ஒன்று. நடுவில் கயிறு. பின்னால் வருவது ராஜவேலின் படகு, எஞ்சின் ஓடவில்லை. கரையிலிருந்தவர்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் நெடுமாறன் எஞ்சினை முறுக்கினான். கயிறு விறைத்தது, தண்ணீரைச் சிதறடித்தது, தாங்கியது. செல்வி பார்த்தது படகை அல்ல. படகின் பின்பக்கம், ஷாஃப்ட் குழாயின் வாயில் இருக்கும் அந்தக் கறுப்பு வளையம் அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது என்று தெரிந்தும் அதையே தேடினாள். ஒரு நிமிஷம் தாங்கினால் போதும். தாங்கியது. நெடுமாறனின் படகு மணலில் ஏறிவிட்டது.

பின்படகு ஏறவில்லை. கயிறு தளர்ந்த அந்த ஒரு கணத்தில் அலை அதைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்தது. பார்வதி இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினாள். வெள்ளை நுரையில் ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, வேறு இடத்தில் தெரிந்தது. ஆட்கள் கைகோத்து இழுத்தார்கள். ராஜவேலோடு போயிருந்த அவன் மச்சான் முதலில் வந்தான். பிறகு ராஜவேல், நெற்றி கிழிந்து, உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்துக்கொண்டு.

மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை தேவதாஸிடம். "முடி கருகற நாத்தம் வந்துச்சு, மாமா. எவன் தலைய எரிக்கறான்னு பாத்தேன். எஞ்சின நிறுத்திட்டு நங்கூரத்தப் போட்டேன். இல்லன்னா ஓட்டிக்கினே வந்திருப்பேன்."

செல்வி அவன் முன்னால் போய் நின்றாள். பார்வதிதான் சொன்னாள்: "இவதான். இவளே வந்து சொன்னா." அது குற்றச்சாட்டா, பரிந்து பேசியதா என்று செல்வி இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. தொலைபேசியில் என்னிடமும் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

படகைப் பிறகு கரையேற்றினார்கள். எஞ்சின் கடலோடு போய்விட்டது. மழை நின்று கூண்டு இறக்குவதற்குள் செல்வியும் தேவதாஸும் ஒவ்வொரு படகாக ஏறி, மாட்டியதையெல்லாம் கழற்றினார்கள். கழற்றியதையெல்லாம் மணலில் போட்டு எல்லார் முன்னாலும் வெட்டினாள். நல்லது ஒன்றிரண்டு அகப்பட்டது, பழைய லாட்டு. மற்றதெல்லாம் உரிந்தது. சில பேர் திட்டினார்கள். நெடுமாறன் மட்டும் தன் புஷ்ஷைக் கழற்ற விடவில்லை. "இது ஆணியில தொங்கனது. இத எவன் தொட்டாலும் கையிருக்காது."

இப்போது ஷெட் வாசலில், சுத்தியலடிக்கும் கருங்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டிரம் இருக்கிறது. முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர். வருகிற சரக்கிலிருந்து ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பாள் கொளஞ்சி. மேலே நின்றால் அந்தச் சரக்கு உள்ளே வராது. ஆறும் அறுபத்தாறும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாராயணசாமி இதை அவமானமாக எடுத்துக்கொண்டார். "என் சரக்க மீனாக்கிட்டியே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிக்கொண்டே தானும் எட்டிப் பார்ப்பார்.

தேவதாஸ் ரொம்ப நாள் அவள் புஷ்ஷைத் தொடவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு லாட்டிலும் முதல் புஷ் வைத்திக்குப்பத்துக்குப் போகும். கரையில் வைத்து அதை வெட்டுவார்கள். வெட்டுவது தேவதாஸ் அல்ல, செல்வியும் அல்ல. மீன் அரியும் கத்தியோடு பார்வதி வருவாள். குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. வெட்டிய இடத்தில் நகத்தை வைத்து நெம்பிப் பார்ப்பாள். அந்தச் சமயம் அவள் நகத்தை மட்டுமே பார்ப்பேன் என்கிறாள் செல்வி.

போன மாதமும் போயிருக்கிறாள். பார்வதி நெம்பினாள், வரவில்லை. இன்னொரு பக்கம் நெம்பினாள், வரவில்லை. வெட்டிய புஷ்ஷைத் திருப்பிக் கொடுக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, "போயி மாட்டச் சொல்லு," என்றாளாம்.